போர்ட்டிங் செய்த யமஹா ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் பைக்கில் கீழ் இழுவை போய்விட்டது, பிஸ்டனும் பிடிக்கிறது. ட்ராக் ரேஸுக்கு எப்படிச் சரிசெய்வது?

போர்ட்டிங் (சிலிண்டர் வாய்களை வெட்டிப் பெரிதாக்குவது), எக்ஸ்பான்ஷன் சேம்பர் (ரேஸ் சைலன்சர் பைப்), 26 மி.மீ. கார்புரேட்டர் எல்லாம் போட்டும் வண்டி ஓடவில்லை என்கிறீர்கள். இதில் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. பிஸ்டன் பிடிப்பதற்குக் காரணம் வேறு, கீழ் இழுவை போனதற்குக் காரணம் வேறு. இரண்டையும் ஒரே ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றத்தில் தீர்க்கப் பார்த்தால் பிஸ்டன் செட் வாங்கியே காசு தீரும்.

முதலில் பிஸ்டனைக் கழற்றிப் பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும். நான்கு மூலையிலும் கோடு விழுந்திருந்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான கிளியரன்ஸ் பத்தவில்லை, அல்லது சூடேறும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள். 50 மி.மீ. போருக்கு ரேஸில் 0.05 மி.மீ. கிளியரன்ஸ் விடலாம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் மிக்ஸ்சர் லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு), அல்லது சூடு அதிகம். மேல்விளிம்பில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் அது டெட்டோனேஷன், அதாவது கலவை சீராக எரியாமல் தானாக வெடிப்பது. இக்னிஷன் டைமிங்கையும் ஹெட்டையும் பார்க்க வேண்டும்.

லீன் என்று தெரிந்தால் உடனே ஜெட்டை மாற்றாதீர்கள். இந்த வயது வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேக்னெட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே போய்ப் புகை வரும், அதனால் யாரும் கவனித்துவிடுவார்கள். மேக்னெட் பக்கத்துச் சீல் சத்தமில்லாமல் காற்றை இழுக்கும். சூடானபின் ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காமல் நிற்பது அதன் அடையாளம்.

சோதிப்பது எளிது. எக்ஸாஸ்ட் வாயையும் இன்டேக் வாயையும் ரப்பர் ஷீட், இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு அடையுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு நிப்பிள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்ப், மீட்டர் இரண்டையும் அதில் மாட்டி 300 மி.மீ. பாதரசம் வரை ஏற்றினால் சுமார் 5.8 பிஎஸ்ஐ. நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. மேக்னெட்டைக் கழற்றிச் சீலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும். இந்தச் சோதனையில் தேறாத இன்ஜினுக்கு ஜெட்டிங் செய்வது வீண் வேலை.

அடுத்து ஸ்குவிஷ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. 2 மி.மீ. ஈயக் கம்பியைப் பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும் வரை விட்டு, கிக்கரால் இன்ஜினை மெதுவாக ஒரு சுற்று திருப்புங்கள். நசுங்கிய நுனியை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். பிஸ்டன் சாயாத திசை, அதாவது பிஸ்டன் பின் போகும் திசையில் இரு பக்கமும் அளந்தால்தான் கணக்குச் சரி. 0.8 முதல் 0.9 மி.மீ. வரை வைக்கலாம். 0.6-க்குக் கீழே போனால் உயர் ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஹெட்டைத் தட்டும். வெறுமனே ஹெட்டைச் சீவிக் கம்ப்ரெஷன் ஏற்றிவிட்டு ஸ்குவிஷை அளக்காமல் விடுவதுதான் டெட்டோனேஷனுக்கு நேர் வழி.

இனி இழுவை. ஆர்எக்ஸ் 100-க்கு நான்கே கியர். மேல் கியர் மாற்றும்போது ஆர்பிஎம் சுமார் கால் பங்கு விழும். 9,500-இல் மாற்றினால் 7,100 பக்கம் வந்து நிற்கும். உங்கள் பவர் பேண்ட் (இன்ஜின் நன்றாக இழுக்கும் ஆர்பிஎம் வரம்பு) 8,000-இல்தான் தொடங்குகிறது என்றால் ஒவ்வொரு கியரிலும் வண்டி மூச்சு வாங்கத்தான் செய்யும். ஐந்து கியர் வண்டிக்குச் செய்த போர்ட் அளவை அப்படியே இதில் வெட்டுவது தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

டிகிரி டிஸ்க்கை கிராங்கில் மாட்டி இப்போதைய போர்ட் டைமிங்கை, அதாவது ஒவ்வொரு வாயும் எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பதை அளந்துகொள்ளுங்கள். நான்கு கியருக்கு எக்ஸாஸ்ட் 180–184, டிரான்ஸ்ஃபர் (கலவை சிலிண்டருக்குள் வரும் வாய்) 120–124 டிகிரி போதும். எக்ஸாஸ்ட் 190-ஐத் தாண்டியிருந்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் மேல்விளிம்பை 1 மி.மீ. உயர்த்தினாலே நான்கு ஐந்து டிகிரி கூடிவிடும். கை கிரைண்டர் ஒருமுறை வழுக்கினால் போதும். எக்ஸாஸ்ட் வாயின் அகலத்தைப் போரில் 65 சதவீதம், அதாவது சுமார் 32 மி.மீ.-இல் நிறுத்துங்கள். மேல்விளிம்பு நேர்கோடாக இல்லாமல் வளைவாக இருக்கட்டும், ஓரத்தை மழுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ரிங் வெளியே பிதுங்கி மாட்டி உடையும்.

சேம்பரும் இதே எண்ணோடு பொருந்த வேண்டும். எக்ஸாஸ்ட் டிகிரியை 43,000-ஆல் பெருக்கி, உச்ச ஆர்பிஎம்மால் வகுத்தால் பிஸ்டன் முகத்திலிருந்து சேம்பரின் பின்பக்கக் கோனின் நடுப்பகுதி வரை வேண்டிய நீளம் மி.மீ.-இல் கிடைக்கும். 182 டிகிரி, 8,500 ஆர்பிஎம் என்றால் சுமார் 920. 190 டிகிரி, 9,500-க்கு 860. கடையில் வாங்கிய பைப்பை இப்படி அளந்தால் அது எந்த ஆர்பிஎம்முக்குச் செய்தது என்று தெரிந்துவிடும். கடைசிக் குழாய் விட்டம் ஹெட்டரில் (சிலிண்டரை ஒட்டிய முதல் குழாய்) 0.6 பங்கு இருக்கட்டும். சத்தம் குறையட்டும் என்று அதைச் சுருக்கினால் சூடு திரும்பி பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

இக்னிஷன் டைமிங்கை டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிஸ்டன் மேல்முனைக்கு வர 1.8 மி.மீ. முன் என்பது ஏறக்குறைய 20 டிகிரி. நல்ல பைப் போட்டபின் சிலிண்டர் நன்றாக நிரம்பி வேகமாக எரியும், அதனால் 1.5-க்குத் தாமதப்படுத்துவது பாதுகாப்பு.

ஜெட்டிங் எப்போதும் கடைசி வேலை. பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கி, டாப் கியரில் முழுத் திறப்பில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்போதே இன்ஜினை அணைத்துப் பிளக்கைப் பாருங்கள். பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் தெரியும்வரை ஒவ்வொரு நம்பராக இறக்குங்கள். ஆயில் பம்ப்பை எடுத்திருந்தால் பெட்ரோலில் லிட்டருக்கு 33 முதல் 40 மில்லி ஆயில். ஆயிலைக் கூட்டினால் ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறையும், மிக்ஸ்சர் லீனாகும். அதனால் அளவை மாற்றினால் ஜெட்டிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ஜெட் நம்பர் சிறியதாகிவிடும்.

ஏற்கெனவே அதிகமாக வெட்டிய சிலிண்டரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அடிப்பக்கத்தை லேத்தில் 1 மி.மீ. சீவினால் போர்ட்கள் எல்லாம் கீழே இறங்கி எக்ஸாஸ்ட் நான்கு ஐந்து டிகிரி குறையும். பிஸ்டன் அந்த அளவுக்கு மேலே வரும் என்பதால் ஹெட்டிலும் அதே ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, ஸ்குவிஷை மறுபடி அளக்க வேண்டும். டிரான்ஸ்ஃபரும் சேர்ந்து இறங்கியிருக்கும், அதை மட்டும் பழைய உயரத்துக்கு ஏற்றலாம். எக்ஸாஸ்ட் 195-ஐத் தாண்டியிருந்தால் இது பத்தாது, புது லைனர் (சிலிண்டரின் உட்சுவர்க் குழாய்) போட்டு ஆரம்பத்திலிருந்து வெட்டுவதுதான் வழி.