டபுள் கேப் பிக்கப் வண்டியைக் குடும்பத்தோடு ஸ்பிட்டி, லடாக் முகாம் பயணத்துக்குத் தயார் செய்வது எப்படி?

இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள டொயோட்டா ஹைலக்ஸ் அல்லது இசுசு வி-கிராஸ், பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டு வாரம். கூரைக் கூடாரம், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார் கயிறு), இரும்பு பம்பர் எல்லாம் மாட்ட வேண்டுமா என்பது கேள்வி. பெரும்பாலும் வேண்டாம். ஏன் என்பது ஆர்.சி.யிலேயே இருக்கிறது.

அதில் வண்டியின் வெறும் எடை, ஏற்றிய பிறகு இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். கழித்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு. ஆட்களும் அதற்குள் அடக்கம். பிக்கப் என்றாலே ஒரு டன் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். வெள்ளை போர்டில் வரும் சொகுசு மாடல்களில் இந்த எண் ஏமாற்றும் அளவுக்குச் சின்னது. உதாரணத்துக்கு 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 210 போனால் மிச்சம் 240. ஃபைபர் கேனோபி (தொட்டியை மூடும் கூடு) 65, ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் பொருளோடு 35, இரண்டாவது பேட்டரி, சார்ஜர், ஒயர் 20, தண்ணீர் 40, அடுப்பு, காஸ், பாத்திரம், மளிகை 35, துணி, போர்வை 40. மிச்சம் 5 கிலோ. கூடாரத்தையும் டூல்ஸையும் இன்னும் ஏற்றவே இல்லை!

ஹார்ட்ஷெல் (கெட்டி மூடி உள்ள) கூரைக் கூடாரம் 60 முதல் 75 கிலோ, அதைத் தாங்கும் ரேக் 25 முதல் 30. இந்த நூறு கிலோ உச்சியில் உட்கார்ந்தால் வளைவில் வண்டி சாயும். கூரைத் தாங்குதிறனிலும் இரண்டு கணக்கு உண்டு: ஓடும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று. ஓடும்போதைய வரம்பில்தான் கூடாரம் அடங்க வேண்டும். பிள்ளைகள் நடு இரவில் ஏணியில் இறங்குவதையும் யோசியுங்கள். ஒருவர் பால் வாங்கப் போக வேண்டும் என்றாலும் வீட்டையே மடிக்க வேண்டும். குடும்பத்துக்குத் தரைக் கூடாரமே தோது. நான்கு பேர் படுப்பது 8 முதல் 10 கிலோவில் முடிந்துவிடும். டபுள் கேப்பின் பின்தொட்டி ஏறக்குறைய ஐந்தடிதான். அதில் பிள்ளைகள் படுக்கலாம், பெரியவர்கள் காலை நீட்ட முடியாது.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் கிலோ ஒவ்வொன்றும் நெம்புகோல் போல முன்சக்கரத்தைத் தூக்கும், சேஸை வளைக்கப் பார்க்கும். தண்ணீர் போன்ற கனமான சாமான்கள் கேபினை ஒட்டி, தொட்டியின் தரையில் இருக்கட்டும். தண்ணீரை ஒரே டாங்கியில் வைக்காமல் 20 லிட்டர் கேன் இரண்டாக வைத்தால் தளும்பலும் குறைவு, தூக்கிப் போய் நிரப்பவும் எளிது. பின்பக்கம் இறங்குகிறது என்று ஸ்பிரிங் பட்டைக்கும் சேஸுக்கும் நடுவே காற்றடைத்த பை (ஏர் பேக்) மாட்டுகிறார்கள். சுமை முழுவதும் சேஸின் ஒரே புள்ளியில் இடிப்பதால், டபுள் கேப் வண்டிகள் கேபினுக்குப் பின்னால் வளைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். நிரந்தரமாக ஏற்றும் எடைக்கு ஏற்ற பட்டை செட்டும் ஷாக் அப்சார்பரும் போடுவதுதான் சரி. உயரத்தை 40 மி.மீ.க்கு மேல் தூக்கினால் முன் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கெட்டு, அதன் ரப்பர் உறை (பூட்) கிழியலாம்.

டயரில் கஞ்சத்தனம் கூடாது. ஒரிஜினல் சைஸிலேயே ஆல்-டெரெய்ன் (எல்லாத் தரைக்குமான டயர்), ஸ்டெப்னியோடு ஐந்தும் ஒரே மாதிரி. தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ., அலை அலையான கல் சாலையில் 26 முதல் 28, மணலில் 16 முதல் 18. காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். 28 பி.எஸ்.ஐ.யில் 90 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கலாம். கம்ப்ரசரை பேட்டரியில் நேரடியாகக் கவ்வுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகினால் ஃபியூஸ்தான் போகும்.

அதிகம் சொதப்புவது மின்சாரத்தில். 45 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது நான்கு ஆம்ப் அளவுக்கு இழுக்கும். சமவெளி வெயிலில் ஒரு நாளைக்கு 45 ஆம்ப்-ஹவர் வரை போகும், மலைக்குளிரில் பாதி. 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றும், வண்டி ஓடும்போது அதை ஏற்றும் 25 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் ஒன்றும் போதும். இரண்டு மணி நேர ஓட்டம் ஒரு நாள் செலவை ஈடுகட்டும். ஒயரின் தடிமனில்தான் ஏமாறுவார்கள். பானட்டிலிருந்து பின்னால் போக 6 மீட்டர் என்று வைத்தால், எர்த்தோடு சேர்த்துப் போக வர 12 மீட்டர். 25 ஆம்புக்கு 6 சதுர மி.மீ. செப்புக் கம்பி ஏறக்குறைய 0.9 வோல்ட்டைத் தின்றுவிடும். 16 சதுர மி.மீ. என்றால் 0.3 தான். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்ப் ஃபியூஸ் வையுங்கள். சேஸ் ஓரம் உரசும் இடங்களில் நெளிவுக் குழாயும் துளை ஓரத்துக்கு ரப்பர் வளையமும் (கிராமெட்) கட்டாயம், இல்லையென்றால் ஆயிரம் கிலோமீட்டரில் தோல் தேய்ந்து ஷார்ட்.

இந்த பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) உள்ளதாக வாங்கி, பின்சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஹீட்டர் ஓடினால் மெல்லச் சூடேறிச் சரியாகிவிடும். எஞ்சின் பக்கம் வைக்கவே வேண்டாம், அது வெப்பத்தில் சாகும்.

தூசி பின்கதவு வழியாக வரும். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புழுதி உள்ளே உறிஞ்சப்படுகிறது. கதவைச் சுற்றிலும், குறிப்பாகக் கீழ் கீல் பக்கம், ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். கேனோபியின் முன்பக்கம் வலையிட்ட காற்றுத் துளை ஒன்று வைத்தால் உள் அழுத்தம் கூடி, மிச்சத் தூசியும் குறையும்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, குக்கர். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு விடிய விடிய வேகாது. சிலிண்டரை நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் ராட்செட் பெல்ட்டால் கட்டுங்கள். குளிருக்காக அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே கொல்லும்.

வழியில் டீசல் தீர்ந்துவிடும் என்று பயந்து கேன் சுமக்கத் தேவையில்லை. மணாலி–லே சாலையில் உள்ள தண்டியில் நிரப்பினால் அடுத்த பங்க் 365 கி.மீ. என்று பலகை வைத்திருந்த காலம் உண்டு. 80 லிட்டர் டாங்கி உள்ள வண்டி சுமையோடு லிட்டருக்கு 9 கொடுத்தாலும் 700 கி.மீ. போகும். ஸ்பிட்டியின் காசா ஊரிலும் பங்க் இருக்கிறது.

இரும்பு பம்பர், புல் பார் (முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு) விஷயத்தில் சட்டமும் எதிரே நிற்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் விவரக்குறிப்பு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது; 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விபத்தானால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். முன்னால் கூடும் எடை ஏர்பேக் சென்சார் கணக்கையும் குழப்பும். வின்சுக்குப் பதில் 9 மீட்டர் கைனடிக் கயிறு (நீண்டு சுருங்கி இழுப்பது), 4.75 டன் ஷாக்கிள் (கயிறு கோக்கும் இரும்பு வளையம்) இரண்டு, மணல் பலகை ஒரு ஜோடி, மண்வெட்டி. மாட்டும் கொக்கி இழுவைக்கென்று மதிப்பிட்டதா என்று பாருங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் (டோ பால்) கயிறு மாட்டாதீர்கள். அது தெறித்தால் குண்டு மாதிரி வரும்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் எல்லா நட்டிலும் பெயின்ட் கோடு இழுத்து, 100 கி.மீ. மோசமான சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். எந்தக் கோடு விலகியதோ அங்கே நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராதது). பிறகு டாங்கியை நிரப்பி, குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றி, லாரிகள் எடை போடும் எடை மேடைக்குப் போங்கள். முதலில் முன்சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கு ஒரு சீட்டு; கழித்தால் பின் அச்சின் எடை தெரியும். முழு எடை ஆர்.சி. எண்ணைத் தாண்டினால் கேனோபியைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயோடு போங்கள், ஏறக்குறைய 50 கிலோ அங்கேயே குறையும்.