எம்பிஏ: ரெகுலரா, கரஸ்ஸா? கேள்வி பதில்

பி.காம் கடைசி வருஷம். வேலைக்குப் போய்க்கொண்டே கரஸ்ஸில், அதாவது தொலைநிலையில், எம்பிஏ படிக்கச் சொல்கிறார்கள் வீட்டில். சரியா சார்?

வேலை அனுபவமே இல்லாதவருக்கு நான் ரெகுலரைத்தான் சொல்வேன். ரெகுலரில் நீங்கள் கட்டும் பணம் பாடத்துக்கு மட்டுமல்ல. முதல் வருஷம் முடிந்ததும் வரும் 6 முதல் 8 வார இன்டர்ன்ஷிப்புக்கும், கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான். கரஸ்ஸில் இவற்றை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பேனரில் இருக்கும் உச்ச சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. போன வருஷ வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை, வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள். மழுப்பினால் அங்கே சேராதீர்கள். இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு மறுபடி யோசிக்கலாம்.

தொழிற்சாலையில் சூப்பர்வைசர், 6 வருஷ அனுபவம். பதவி உயர்வுக்கு எம்பிஏ கேட்கிறார்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 2 வருஷத்தில் முடியுமா?

உங்களுக்குக் கரஸ் பொருந்தும். இக்னோ எம்பிஏ 4 செமஸ்டர், 28 தாள், 116 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. 4 கிரெடிட் தாள் ஏழு என்றால் ஒரு செமஸ்டருக்கு 840 மணி நேரம். 26 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 32 மணி நேரம்! ஷிப்டு வேலையோடு இது நடக்காது. 4 வருஷம் வரை அவகாசம் உண்டு, 3 வருஷம் என்று திட்டமிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது அசைன்மென்டில். அதற்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும்தான். ஒன்றை விட்டால் ஆறு மாதம் போச்சு.

எங்கள் ஊர் சென்டரில் ஒரே வருஷத்தில் எம்பிஏ முடித்துத் தருகிறார்களாம்...

சேராதீர்கள். தொலைநிலைப் படிப்பை இப்படி வெளி சென்டருக்கு ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்த, பல்கலைக்கழகங்களை முறைப்படுத்தும் யுஜிசியின் விதியில் இடமில்லை. பணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், சென்டர்காரர் கையில் ரொக்கமாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

தொலைநிலைப் படிப்பில் சேர யுஜிசி கேட்கும் டிஇபி ஐடி எடுக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது.

இனிஷியல்தான் காரணமாக இருக்கும். ஆதாரில் 'மணிகண்டன் சு', மார்க் ஷீட்டில் 'சு.மணிகண்டன்', இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. முதலில் ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்பத் திருத்துங்கள், பிறகு ஏபிசி ஐடி (உங்கள் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்), அதன் பிறகு டிஇபி ஐடி. சென்டர்காரரை எடுக்க விடாதீர்கள், ஓடிபி உங்கள் போனுக்கே வரட்டும்.

சர்டிபிகேட்டில் கரஸ் என்று இருக்காதாமே? ரெகுலர் என்றே சொல்லிக்கொள்ளலாமா?

கூடாது! பயிலும் முறையைப் பட்டத்திலும் மார்க் ஷீட்டிலும் குறிப்பிட வேண்டும் என்பதே விதி. பொய் சொன்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் வேலையே போகும். அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் ரெகுலருக்குச் சமம் என்று யுஜிசியின் 2020 விதிமுறையே சொல்லும்போது மறைப்பானேன்?

சமம் என்றால் கம்பெனிகள் ஏன் ஒதுக்குகின்றன? சும்மா ஏட்டுச் சுரைக்காய்.

இரண்டையும் குழப்புகிறீர்கள். சமம் என்பது கல்வித் தகுதிக்கு: மேற்படிப்பு, அரசு வேலை. தனியார் நிறுவனம் யாரை எடுக்கும் என்பதை அந்த விதி கட்டுப்படுத்தாது. அதனால்தான் அனுபவம் உள்ளவருக்குக் கரஸ், இல்லாதவருக்கு ரெகுலர் என்கிறேன்.

பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேரடியாக பி.ஏ. முடித்தேன். எம்பிஏ வைத்து டிஎன்பிஎஸ்சி?

சிக்கல். தமிழக அரசுப் பணிக்கு 10, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை வேண்டும். எம்பிஏ அந்த ஓட்டையை அடைக்காது. முதலில் பிளஸ் டூ பற்றி விசாரியுங்கள்.

ரெகுலர் எம்.காமோடு கரஸ் எம்பிஏ?

2022 முதல் யுஜிசி அனுமதிக்கிறது.

இந்த யுனிவர்சிட்டி செல்லுமா? (நான்கு பேர்)

நால்வருக்கும் ஒரே பதில். யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எம்பிஏ என்ற படிப்பும், நீங்கள் சேரும் அதே ஜனவரி அல்லது ஜூலை பருவமும் பட்டியலில் இருக்க வேண்டும். பார்த்த அன்றே அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து ரசீதோடு வையுங்கள்.