ஷட் டவுன் குடுத்தா ஸ்கிரீன் மட்டும்தான் அணையுது, ஃபேன் ஓடிட்டே இருக்கு, மதர்போர்டு போச்சா?

கேள்வி: சார், பையன் படிப்புக்காக பதினாலு மாசம் முன்னாடி ஒரு அசெம்பிள்ட் சிஸ்டம் வாங்குனோம். ஐ3 ப்ராசஸர், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. இப்ப கொஞ்ச நாளா ஷட் டவுன் குடுத்தா மானிட்டர் கறுப்பாயிடுது, ஆனா சிபியூ பொட்டில லைட்டும் ஃபேனும் அப்படியே ஓடுது, ராத்திரி விட்டுட்டு காலைல வந்து பாத்தாலும் ஓடிட்டுதான் இருக்கு. பட்டன அமுக்கிப் பிடிச்சாதான் நிக்குது. வாங்குன கடைல கேட்டா மதர்போர்டு போயிடுச்சு 7,500 ஆகும்கறாங்க, இல்லன்னா முதல்ல ஃபார்மேட் போட்டுப் பாப்போம் அதுக்கு 800ங்கறாங்க. வாரன்டி கேட்டா பில் கொண்டாங்கன்னு சொல்றாங்க, அவங்க குடுத்ததே எஸ்டிமேட்னு தலைப்பு போட்ட ஒரு துண்டு சீட்டுதான். என்ன பண்றது? (திருப்பூர் வாசகி)

பதில்: 7,500ஐ இப்போதைக்கு எடுக்காதீங்க, 800ஐயும்தான். போர்டு போயிடுச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு, அதுல பாதி உங்க பையனே அரை மணி நேரத்துல பாத்துடுவான், காசு ஒண்ணும் ஆகாது.

முதல்ல விஷயம் என்னன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கங்க. பழைய கம்ப்யூட்டர்ல, விண்டோஸ் 95 காலத்துல, ஷட் டவுன் குடுத்தா "இப்போ நீங்க கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிக்கலாம்"னு ஆரஞ்சு கலர்ல எழுத்து வந்து நிக்கும், நாமதான் சுவிட்ச தட்டணும், அது நிஜமாவே கரன்ட வெட்டுற சுவிட்ச். 1995ல ஏடிஎக்ஸ்னு புது டிசைன் வந்துச்சு, அதுக்கப்புறம் முன்பக்கம் இருக்குற பட்டன் வெறும் காலிங் பெல் மாதிரிதான், அமுக்குனா மதர்போர்டுக்கு தகவல் போகும், அவ்ளோதான். எஸ்எம்பிஎஸ்லேருந்து (வீட்டு கரன்ட கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற பெட்டி) போர்டுக்குப் போற பெரிய கனெக்டர்ல ஒரு பச்ச ஒயர் இருக்கும், அத போர்டு கிரவுண்டுக்கு இழுத்துப் பிடிச்சிருக்குற வரைக்கும் எஸ்எம்பிஎஸ் ஓடும், விட்டா நின்னுடும். விண்டோஸ் எல்லாத்தையும் மூடிட்டு கடைசியா "ஆஃப் ஆயிக்கோ"ன்னு போர்டுக்குச் சொல்லணும், போர்டு அந்த ஒயர விடணும். உங்க வீட்ல இந்த சங்கிலி எங்கயோ அறுந்திருக்கு. விண்டோஸ் சொல்லாம இருக்கா, இல்ல சொல்லியும் போர்டு கேக்கலயா, இதுதான் கேள்வி. கடைக்காரர் இத பாக்காமலே ரெண்டாவதுதான்னு முடிவு பண்ணிட்டார்னு நெனைக்கிறேன்.

இத கண்டுபிடிக்க ஒரு சின்ன டெஸ்ட் போதும். சிஸ்டம் ஆன் ஆகும்போதே டெலீட் கீய தட்டிட்டே இருங்க (சில போர்டுல எஃப்2), பயாஸ் ஸ்கிரீன் வரும், அது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட சொந்த செட்டிங்ஸ் பக்கம். அங்க எதையும் மாத்தாம, முன்பக்க பட்டன ஒரு தடவ லேசா அமுக்கி விடுங்க, பிடிச்சு வெக்கக்கூடாது. அந்த இடத்துல விண்டோஸ் இன்னும் ஏறவே இல்ல, அதனால போர்டு நேரடியா ஆஃப் ஆகணும், ஃபேன் உட்பட. பட்டுன்னு அணைஞ்சிடுச்சுன்னா போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த வேலைய செய்யத் தெரிஞ்சுதான் இருக்கு, சந்தேகம் விண்டோஸ் பக்கம் போகணும். அணையலன்னா அப்ப போர்டு இல்லன்னா எஸ்எம்பிஎஸ் மேல சந்தேகப்படலாம். இன்னும் உறுதியா தெரியணும்னா ஒரு பென்டிரைவ்ல உபுண்டு (விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஓஎஸ்) போட்டு இன்ஸ்டால் பண்ணாம அப்படியே பூட் பண்ணி அதுலேருந்து ஷட் டவுன் குடுத்துப் பாக்கலாம், அதுல நின்னு விண்டோஸ்ல நிக்கலன்னா கேஸ் கிட்டத்தட்ட முடிஞ்சுது.

விண்டோஸ் பக்கம்னு வெச்சுப்போம், பெரும்பாலும் அதாத்தான் இருக்கும். ஷிஃப்ட் கீய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஷட் டவுன கிளிக் பண்ணுங்க. இப்ப ஒழுங்கா ஆஃப் ஆச்சுன்னா குற்றவாளி ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். 2012ல விண்டோஸ் 8 வந்தப்போ கொண்டு வந்தது இது. நாம ஷட் டவுன்னு குடுக்குறது உண்மைல முழு ஷட் டவுன் இல்லைங்க, நம்ம புரோகிராம மட்டும் மூடிட்டு விண்டோஸோட உள்பகுதியையும் டிரைவர்களையும் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோட பேச வைக்குற புரோகிராம்) அப்படியே டிஸ்க்ல ஒரு ஃபைலா எழுதி வெச்சுட்டுத் தூங்கும், அடுத்த நாள் அத எடுத்துப் போட்டுக்கும், அதான் சீக்கிரம் ஆன் ஆகுது. நம்பலன்னா டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், சிபியூ போய் அப் டைம்னு இருக்குறத பாருங்க, தினமும் ஆஃப் பண்றவங்களுக்குக்கூட பத்து நாள் இருபது நாள்னு காட்டும். ஏதோ ஒரு டிரைவர் இப்படித் தூங்கப் போறதுக்கு ஒத்துக்கலன்னா நடுவழில நின்னுடும், ஸ்கிரீன் போயிடும் ஃபேன் ஓடும், நீங்க சொல்ற அதே கதைதான்.

இத எடுத்து விட கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கம் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ", உள்ள போனா மேல "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்"னு நீல எழுத்து இருக்கும் அத தட்டுங்க, அப்பதான் கீழ இருக்குற "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" டிக்க எடுக்க விடும், எடுத்துட்டு சேவ் பண்ணுங்க. உங்க சிஸ்டம்ல பழைய ஹார்டு டிஸ்க்க விட வேகமான எஸ்எஸ்டி இருக்கு, ஆன் ஆகுற நேரத்துல பெருசா வித்தியாசம் தெரியாது. என்னைக் கேட்டா எஸ்எஸ்டி இருக்குற எந்த மெஷின்லயும் இது தேவையே இல்ல.

ஷிஃப்ட் பிடிச்சும் நிக்கலன்னா, மவுஸ் கீபோர்டு தவிர யூஎஸ்பில சொருவி இருக்குற எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரு தடவ பாருங்க, பிரின்டரும் பழைய வைஃபை டாங்கிளும் இந்த வேலைய நல்லாவே பண்ணும். அடுத்தது சிப்செட் டிரைவர், அதாவது மதர்போர்டோட முக்கிய சிப்புக்கான டிரைவர். இன்டெல் போர்டுன்னா மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்னு ஒண்ணு டிவைஸ் மேனேஜர்ல சிஸ்டம் டிவைசஸ் கீழ இருக்கும். 2015ல விண்டோஸ் 10 வந்த புதுசுல பழைய லேப்டாப்கள்ல இந்த டிரைவரோட புது வெர்ஷன் தானா ஏறி, ஷட் டவுன் குடுத்தா ஸ்கிரீன் அணைஞ்சு ஃபேன் மட்டும் ஓடுதுன்னு ஏகப்பட்ட பேர் புலம்புனாங்க, பழைய வெர்ஷன போட்டதும் சரியாச்சு. உங்களது புது போர்டு, அதனால பழசு தேட வேணாம், போர்டு கம்பெனி சைட்ல உங்க மாடலுக்குன்னு குடுத்துருக்குற டிரைவர போடுங்க. அப்புறம் பயாஸ்ல "லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்" ஒரு தடவ குடுத்துப் பாருங்க. பயாஸ் அப்டேட்ட கடைசியா வெச்சுக்கங்க, அதுவும் யூபிஎஸ் இருந்தா மட்டும், நடுவுல கரன்ட் போனா அப்ப நிஜமாவே போர்டு போயிடும். இதெல்லாம் பண்ணியும் முடியலன்னாதான் ஃபார்மேட் பத்திப் பேசணும்.

இன்னொண்ணு, பட்டன நாலு செகண்டு அமுக்கிப் பிடிச்சு நிறுத்துறத வழக்கமா வெச்சுக்காதீங்க. ஹார்டு டிஸ்க் லைட் மின்னிட்டு இருந்தா ஏதோ எழுதிட்டு இருக்குன்னு அர்த்தம், அது நிக்குற வரைக்கும் பொறுங்க. அப்டேட் நடக்கும்போது வெட்டி விட்டா விண்டோஸே ஏறாம போற வாய்ப்பு இருக்கு.

இப்ப பில் விஷயம், எனக்கு கோவம் வர்றது இங்கதான். எஸ்டிமேட்னு சீட்டு எழுதிக் குடுத்து காசு வாங்குறது ஊர் ஊருக்கு நடக்குது, ஜிஎஸ்டி போட்டா கூட வரும் சார் வேணுமான்னு கேப்பாங்க, நாமளும் மிச்சம்னு தலையாட்டிட்டு வந்துடுறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் குடுக்காததே முறையற்ற வணிக நடைமுறைன்னு எழுதியிருக்கு. குறையுள்ள பொருள பில்லுல சொன்ன நாளுக்குள்ள, பில்லுல ஒண்ணும் சொல்லலன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுத்துக்க மறுக்குறதும் அதே லிஸ்ட்ல இருக்கு, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது"ன்னு சுவத்துல போர்டு மாட்டிட்டா கடைக்காரருக்கு அது கவசம் கிடையாது. உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிடுச்சு, ஆனா வாரன்டி தனி. பேர் உள்ள கம்பெனி மதர்போர்டுக்கு இங்க வழக்கமா 3 வருஷம் இருக்கும், பல பிராண்டுல போர்டு மேல ஒட்டியிருக்குற சீரியல் நம்பர வெச்சே வாரன்டிய பாத்துடுறாங்க. அதனால கேபினட்ட தொறந்து அந்த ஸ்டிக்கர போட்டோ எடுத்துக்கங்க, கம்பெனியோட சர்வீஸ் சென்டருக்கு நேரா பேசுங்க, கடைக்காரர் நடுவுல வேணாம். ஒருவேள போர்டே ஃபெயிலியர்னா அங்க ஓசில மாத்திக் கிடைக்க வாய்ப்பு இருக்கு, அப்ப 7,500 எதுக்கு?

காசு ஜிபே மாதிரி எதுலயாவது அனுப்பியிருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட்டும், கடைக்காரர்கூட பேசுன வாட்ஸப்பும், அந்த எஸ்டிமேட் சீட்டும் வாங்குனதுக்கு ஆதாரம்தான், தூக்கிப் போட்டுடாதீங்க. கடை ஒத்துழைக்கலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். அதுலயும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடியிருக்குற ஊர்லயே போடலாம், வக்கீல் கட்டாயமில்ல, 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸும் இல்ல. பிரச்சனை ஆரம்பிச்சதுலேருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

கேள்வி: எங்க வீட்ல சிஸ்டம் நல்லா ஆஃப் ஆகுது, ஆனா அதுக்கப்புறமும் மவுஸ்ல செவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கரன்ட் பில் ஏறுமா? (மன்னார்குடி)

பதில்: அது ரிப்பேர் இல்ல. மேல சொன்னேனே அந்த ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ், சுவத்து சுவிட்ச் ஆன்ல இருக்குற வரைக்கும் 5 வோல்ட் ஒரு லைன்ல எப்பவும் குடுத்துட்டே இருக்கும், பட்டன் அமுக்குனா முழிச்சுக்கணுமே அதுக்கு. சில போர்டு அதையே யூஎஸ்பிக்கும் விட்டுடும். பயாஸ்ல ஈஆர்பின்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், எனேபிள் பண்ணா லைட் நின்னுடும். இது ஐரோப்பாக்காரன் சட்டத்துலேருந்து வந்தது, ஆஃப்ல இருக்குற சாமான் அரை வாட்டுக்கு மேல இழுக்கக்கூடாதுன்னு 2013லேருந்து அங்க விதி. ஒரு வாட்னே வெச்சுக்கிட்டாலும் மாசம் முழுக்க ஒரு யூனிட்டு வராது. ஆனா திருப்பூர் அம்மா வீட்ல நடக்குற மாதிரி ஃபேன் ஓடிட்டே இருந்தா 50 வாட் வரைக்கும் கூட இழுக்கலாம், ராத்திரி 10 மணி நேரத்துக்கு அரை யூனிட்டு, ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட்டு, நம்ம கணக்கு 500 யூனிட்ட ஒட்டி நிக்குற வீடுன்னா ஸ்லாப் மாறி கையக் கடிச்சிடும்.

கேள்வி: ஆஃப் ஆகுது, ஆனா அடுத்த நிமிஷமே தானா ஆன் ஆயிடுது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு. (நாகர்கோவில்)

பதில்: ஆஃப் ஆகுற நேரத்துல விண்டோஸ் கிராஷ் ஆனா ரீஸ்டார்ட் ஆகணும்னு டிஃபால்ட்டாவே செட்டிங் இருக்கு. சிஸ்டம் ப்ராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரில "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்க எடுத்துட்டா நீல ஸ்கிரீன் அப்படியே நிக்கும், அதுல இருக்குற எர்ரர் பேர எழுதிக்கங்க, எந்த டிரைவர்னு தேட அது போதும். கிராஷ் இல்லன்னா டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் கார்டோட பவர் மேனேஜ்மென்ட் டேப்ல "அலோ திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்"ங்கறத எடுங்க, பயாஸ்லயும் வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியா சிஸ்டத்த எழுப்பி விடுற வசதி) டிசேபிள் பண்ணுங்க.

"அப்டேட் அண்ட் ஷட் டவுன்" குடுக்கும்போது மட்டும் இப்படி ஆகுதுன்னா அது உங்க மெஷின் தப்பே இல்ல, விண்டோஸ்லயே ரொம்ப நாளா இருந்த கோளாறு, 2025 அக்டோபர் கடைசில விட்ட விண்டோஸ் 11 அப்டேட்லதான் மைக்ரோசாஃப்ட் சரி பண்ணுச்சு. அப்டேட் எல்லாம் ஏத்திட்டு மறுபடி பாருங்க, அதுக்கு முன்னாடி யாருக்கும் சர்வீஸ் சார்ஜ் குடுக்காதீங்க.