பேச்சுரிமையின் எல்லை: வாசகர் கேள்விகளும் சட்ட விளக்கங்களும்

இணையத்தில் எழுதும் உரிமை பற்றி இம்முறை வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை, ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் மூண்ட வாக்குவாதத்தின் மிச்சமாகவே இருந்தன. சட்டம் இதை அனுமதிக்கிறதா, இதைச் சொல்வது முறையா, இதற்கு இடமளிக்க மற்றவர் கடமைப்பட்டவரா என்ற மூன்று வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வாதங்களுள் பல முடிவுக்கு வருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே தருபவை சிங்கப்பூர்ச் சட்டம் பற்றிய பொதுவான விளக்கங்கள் மட்டுமே. வழக்கறிஞர் கடிதம் கைக்கு வந்துவிட்டவர்கள் உடனே சட்ட ஆலோசனையை நாட வேண்டும்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “பேச்சுரிமை அடிப்படை உரிமை, யாரும் தடுக்க முடியாது” என்கிறார். இன்னொருவர், “சிங்கப்பூரில் அப்படியோர் உரிமையே இல்லை” என்கிறார். யார் சொல்வது சரி? (ஈசூன்)

இருவர் சொல்வதும் சரியன்று. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு, குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பேச்சுரிமையும் கருத்து வெளிப்பாட்டு உரிமையும் உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. அதே பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பிற நாடுகளுடனான நல்லுறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி ஆகியவற்றின் பொருட்டும், நாடாளுமன்றச் சிறப்புரிமைகளைக் காக்கவும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் போன்றவற்றைத் தடுக்கவும், நாடாளுமன்றம் தேவை அல்லது உகந்தது என்று கருதும் வரம்புகளைச் சட்டத்தின் மூலம் விதிக்கலாம் என்றும் சொல்கிறது.

“உகந்தது” என்ற அந்தச் சொல்லை ஊன்றிப் படிக்க வேண்டும். இந்திய அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு “நியாயமான” கட்டுப்பாடுகள் என்று குறிப்பிடுவதால், ஒரு கட்டுப்பாடு நியாயமானதுதானா என்பதை அங்குள்ள நீதிமன்றங்கள் நேரடியாக எடைபோடுகின்றன. இணையத்தில் மனம் புண்படும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது அந்த அடிப்படையில்தான். நம் பிரிவில் அந்தச் சொல் இல்லை. இங்கே நீதிமன்றம், ஒரு சட்டம் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துகிறதா, அது தேவை அல்லது உகந்தது என்று நாடாளுமன்றம் கருதியதா, அரசியலமைப்பு அனுமதிக்கும் காரணங்களுள் ஒன்றோடு அதற்கு உண்மையான தொடர்பு உண்டா என்று பார்க்கிறது. ஆகவே, தமிழ்நாட்டுத் தீர்ப்பு ஒன்றையோ அமெரிக்க நடைமுறையையோ மேற்கோள் காட்டி இங்குள்ள வாதத்தை வெல்ல முயல்வது பயன் தராது.

குழுவின் நிர்வாகி என் பதிவை நீக்கிவிட்டார். இது என் பேச்சுரிமையைப் பறிப்பதாகாதா? (பொங்கோல்)

ஆகாது. அரசியலமைப்பு தரும் உரிமை அரசை நோக்கியது. தம் வீட்டு வரவேற்பறையில் யார் பேசலாம் என்று வீட்டுக்காரர் முடிவு செய்வதைப் போன்றதுதான் நிர்வாகியின் முடிவும். அது ஒருதலைப்பட்சமானது என்று நீங்கள் தாராளமாகக் குறை கூறலாம். அக்குறை நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் அது சட்டத்தின்பாற்பட்டதன்று.

நான் எதையும் எழுதவில்லை, வந்ததைப் பகிர்ந்தேன், “உண்மையா?” என்று மட்டும் கேட்டேன். இதற்கும் பொறுப்பேற்க வேண்டுமா? (தெம்பனிஸ்)

இம்முறை வந்தவற்றுள் மிக முக்கியமான கேள்வி இது. நம்மில் பலர் இங்கேதான் இடறுகிறோம்.

முதலில் அவதூறு. 2018 நவம்பரில் வலைப்பதிவர் லியோங் ஸீ ஹியன், பிரதமரைக் குறைகூறிய ஒரு கட்டுரையின் இணைப்பைத் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். தம் கருத்தாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சில நாள்களில் அதை நீக்கியும்விட்டார். இருப்பினும், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தொடுத்த வழக்கில், 133,000 வெள்ளி இழப்பீடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பகிர்வதும் வெளியிடுவதே என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

அடுத்தது, பொஃப்மா என்று நாம் அழைக்கும், இணையவழிப் பொய்ச் செய்திகளுக்கும் சூழ்ச்சித்திறத்துக்கும் எதிரான பாதுகாப்புச் சட்டம். 2019 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள இச்சட்டம், கருத்தை விட்டுவிட்டு, உண்மை விவரம் என்ற பெயரில் வரும் பொய்யைக் குறிவைக்கிறது. “இந்தக் கொள்கை ஏழைகளுக்குக் கொடுமையானது” என்பது கருத்து. “இந்தக் கொள்கையால் இத்தனை பேருக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது” என்பது விவரம். அது பொய்யாகவோ தவறான எண்ணம் தருவதாகவோ இருந்து, பொது நலன் கருதி நடவடிக்கை தேவை என்று அமைச்சர் கருதினால், திருத்த உத்தரவு வரலாம். அது பொய் என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தாலும் வரலாம். இயல்பான அறிவுடைய ஒருவர் அவ்வரியை விவரமாக எடுத்துக்கொள்வாரா என்பதே அளவுகோல். இறுதியில் இடும் கேள்விக்குறி அதை மாற்றிவிடாது.

திருத்த உத்தரவு குற்றத்தீர்ப்பு அன்று என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் உங்கள் பதிவு அப்படியே இருக்கும். அதனுடன் ஒரு திருத்தக் குறிப்பைச் சேர்க்க வேண்டும். தக்க காரணமின்றிச் சேர்க்க மறுப்பதுதான் குற்றம்; தனிமனிதருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். உத்தரவை ஏற்காதவர் முதலில் அமைச்சரிடம் முறையிட்டு, அங்கே மறுக்கப்பட்ட பிறகு உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம்.

வாடகை வீடு தேடும்போது “இந்தியர்கள் வேண்டாம்” என்று சொல்லப்படுவதைப் பற்றி எழுதினால், “இனப்பிரச்சினையைக் கிளப்பாதே, போலிஸ் வரும்” என்று நம்மவர்களே அடக்குகிறார்கள். இனபேதத்தைப் பற்றிப் பேசுவதே குற்றமா? (செங்காங்)

குற்றமன்று. உங்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்வதும், அந்த வழக்கத்தைக் கண்டிப்பதும், ஓர் இனத்தார்மீது வெறுப்பை மூட்டுவதும் வெவ்வேறானவை. “இந்த வீட்டுக்காரர் என் இனத்தைக் காட்டி மறுத்தார், இது தவறு” என்ற வாக்கியத்துக்கும், “இந்த இனத்தார் எல்லாருமே இப்படித்தான், இவர்களை விடக்கூடாது” என்ற வாக்கியத்துக்கும் இடையில்தான் சட்டத்தின் கோடு செல்கிறது.

நம்மவர்களின் அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1950 டிசம்பரில், மலாய்-முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த டச்சுச் சிறுமி மரியா ஹெர்டோக் யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கையொட்டிய கலவரத்தில் 18 பேர் மாண்டனர். கன்னியர் மடத்தில் வைக்கப்பட்டிருந்த அச்சிறுமியின் படங்களை நாளேடுகள் வெளியிட்டது கோபத்தை மூட்டிய காரணங்களுள் ஒன்று. 1964 ஜூலை, செப்டம்பர் மாதங்களில் மூண்ட மலாய்-சீனர் கலவரங்களில் 36 உயிர்கள் போயின. இணையக் காலத்தில், 2005-இல், மலாய்-முஸ்லிம் சமூகத்தை இழிவுபடுத்தி எழுதிய இருவர் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ்ச் சிறை சென்றனர். அச்சட்டத்தை நீக்கும் மசோதா 2021-இல் நிறைவேறியது. 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கடுமை குறைந்த நேர்வுகளில், வழக்குக்குப் பதிலாக, புண்பட்ட சமூகத்தை அறிந்து உறவைச் சீர்செய்யும் நடவடிக்கைகளுக்கும் புதிய சட்டம் வழிவிடுகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் தொனி முக்கியம். 2019-இல் ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கறுப்பாக்கி இந்தியராக வேடமிட்டபோது, அதற்கு வசைச் சொற்களுடன் பாடல் காணொளியால் பதிலடி தந்த இந்திய இளையர் இருவருக்கு நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை கிடைத்தது. அவர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் காரணத்தைப் பொறுமையாக எடுத்துரைத்த வேறு குரல்கள், பேச்சு முழுதும் காணொளியின் பக்கம் திரும்பியதால் அமுங்கிப்போயின என்பதுதான் என் வருத்தம். இடம், நாள், சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறித்து எழுதுங்கள். மௌனம் சாதிக்கத் தேவையில்லை.

நான் வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் குடிமகன். இங்குள்ள அரசியலைப் பற்றி எழுதலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

14-ஆவது பிரிவு “குடிமக்கள்” என்றே சொல்கிறது. நண்பர்களிடம் கருத்தைப் பகிர்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் வெளிநாட்டினர் தேர்தல் பிரசாரத்தில் ஈடுபடவும், இணையத்தில் தேர்தல் விளம்பரம் வெளியிடவும் சட்டம் தடை விதிக்கிறது. ஒரு வேட்பாளரை ஆதரித்து எழுதும் பொதுப் பதிவும் விளம்பரமாகக் கருதப்படலாம். தேர்தல் காலத்தில் விலகியிருங்கள்.

வாதத்தில் தோற்ற ஒருவர் என் கைப்பேசி எண்ணையும் வேலையிடத்தையும் போட்டு, “பாடம் புகட்டுங்கள்” என்று எழுதிவிட்டார். (உட்லண்ட்ஸ்)

இது 2020 ஜனவரி முதல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். எதிராளியின் விவரங்களைப் பதிலுக்கு வெளியிட்டுவிடாதீர்கள். அப்போது நீங்களும் அதே குற்றத்தைச் செய்தவராவீர்கள். நாளும் நேரமும் தெரியும்படி அப்பதிவைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்து, போலிசில் புகார் செய்யுங்கள். 2021 ஜூன் முதல் இயங்கிவரும் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்பு நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணையும் கோரலாம்.

இந்தச் சட்டங்களே அளவு மீறியவை என்று எழுதலாமா? (பிடோக்)

எழுதலாம். 2019 மே மாதம் பொஃப்மா மசோதா 72 வாக்குகளுடன் நிறைவேறியபோது, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் உறுப்பினர் ஒன்பது பேர் எதிர்த்து வாக்களித்தனர்; நியமன உறுப்பினர் மூவர் வாக்களிப்பிலிருந்து விலகினர். 2021 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மதிக்கிறேன். ஆயினும், ஒரு கூற்று பொய்யா என்பதை முதலில் தீர்மானிப்பவர், பல நேரங்களில் அக்கூற்றால் குறை கூறப்பட்ட அமைச்சின் பொறுப்பாளராகவே இருக்கும் ஏற்பாடு எனக்கு நிறைவளிக்கவில்லை. அவசரம் இல்லாத நேர்வுகளிலாவது நீதிபதி ஒருவர் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.