கால் வலிக்கு மனச்சோர்வு மாத்திரையா? வாசகர் கேள்வி - பதில்

நான்கு மாதமாக இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை சுள்ளென்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் விலகல் என்று வந்தது. டாக்டர் டுலோக்ஸடின் எழுதினார். இணையத்தில் தேடினால் அது டிப்ரஷன் மாத்திரையாம். எனக்கு மனநோய் என்று முடிவு செய்துவிட்டாரா?
- வாசகி, திண்டுக்கல்

இல்லை. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் சில நரம்புப் பாதைகள், கீழிருந்து ஏறிவரும் வலிச் செய்தியை அடக்கும் வேலையைச் செய்கின்றன. அவை பயன்படுத்தும் ரசாயனங்கள் செரட்டோனினும் நார்அட்ரினலினும். டுலோக்ஸடின் இந்த இரண்டின் அளவையும் நரம்பு முனைகளில் கூட்டுகிறது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வலி குறைவது இதனால்தான். அமெரிக்காவில் 2004-ல் மனச்சோர்வுக்கும் சர்க்கரை நோய் நரம்பு வலிக்கும், 2010-ல் நாள்பட்ட இடுப்பு வலிக்கும் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2021-ல் வெளியான, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், இந்த வகை மருந்துகள் முதுகு வலியை 100-க்குச் சுமார் 5 புள்ளிகள்தான் குறைத்தன. சராசரி அது, சிலருக்கு நன்றாகவே கேட்கும், பலருக்குக் கேட்காது. காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்கான ஆதாரம் இன்னும் பலவீனமானது. அதனால் இதை ஒரு சோதனை ஓட்டமாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

வழக்கமான முறை: முதல் வாரம் உணவுக்குப் பின் 30 மி.கி., பிறகு 60 மி.கி. தினமும் ஒரே நேரத்தில் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுக் குறித்து வையுங்கள். கால் வலிக்குத் தனியாக, இடுப்பு வலிக்குத் தனியாக. ஆறு வாரத்தில் மதிப்பெண்ணில் அசைவே இல்லையென்றால் தொடர்வதில் பொருளில்லை. 60-க்கு மேல் கூட்டினால் வலி கூடுதலாகக் குறைவதில்லை, பக்கவிளைவுதான் கூடும்.

கேப்ஸ்யூலைப் பிரித்து நீரில் கலக்காதீர்கள். உள்ளிருக்கும் மணிகளின் மேல்பூச்சு கரைந்தால் இரைப்பை அமிலம் மருந்தை அழித்துவிடும். முதல் இரண்டு வாரம் குமட்டல், வாய் வறட்சி, மலச்சிக்கல் வரும், பெரும்பாலும் அடங்கிவிடும். ரத்த அழுத்தத்தை இடையிடையே பாருங்கள். கண் அழுத்த நோய், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: வலி தாங்காமல் வேறொரு டாக்டரிடம் போய் டிரமடால் என்ற வலி மாத்திரையை வாங்கிச் சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து. நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு என்று செரட்டோனின் மிகைப்பு ஏற்படலாம். நிறுத்தும்போதும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்னதிர்ச்சி போன்ற உணர்வு வரும். குறைந்தது இரண்டு வாரமாவது படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கால் வலிக்கு ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். தலை கிறுகிறுக்கிறது, கால் வலி அப்படியே இருக்கிறது. டோஸைக் கூட்டச் சொல்லலாமா?
- வாசகர், சேலம்

கூட்டச் சொல்வதைவிட, நிறுத்தலாமா என்று கேளுங்கள். சிட்னியில் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. தினம் 150 மி.கி.யில் தொடங்கி 600 வரை கொண்டுபோனார்கள். எட்டாவது வாரத்தில் கால் வலி மதிப்பெண் பத்துக்கு ப்ரீகாபலின் குழுவில் 3.7, மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக் குழுவில் 3.1. அதாவது பலன் இல்லை. பக்கவிளைவுகளோ ஏறத்தாழ இரட்டிப்பு, அதில் தலைசுற்றல் முதலிடம். சர்க்கரை நோயால் சேதமான நரம்பு முனைகளில் இது வேலை செய்வதை வைத்து, டிஸ்க் அழுத்தி வீங்கிய நரம்பு வேருக்கும் கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல.

இந்த வகை மருந்தில் மனநிலை தாழ்வதும், தற்கொலை எண்ணம் வருவதும் எச்சரிக்கையாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள். குறைந்தது ஒரு வாரம் எடுத்துக் குறையுங்கள். மதுவோடு வேண்டவே வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?
- வாசகி, நாகர்கோவில்

சிறுநீர் வராமல் அடைத்தால், மலம் அடக்க முடியாமல் போனால், உட்காருமிடம் மரத்துப்போனால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால் அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவு. மாத்திரை மாற்றிப் பார்க்கும் நேரமல்ல அது.

கணவருக்கு ஒரு வருடமாக முதுகு வலி. இப்போது யாரோடும் பேசுவதில்லை. வலி போனால் மனசும் சரியாகும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் முதுகு, இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு மனச்சோர்வும் இருந்த 250 பேரை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2009-ல் வந்தது. ஒரு குழுவுக்கு முதல் 12 வாரம் மனச்சோர்வு மருந்தைக் கவனமாகச் சரிசெய்தார்கள், அடுத்த 12 வாரத்தில் வலியைச் சமாளிக்க ஆறு அமர்வுப் பயிற்சி, பிறகு ஆறு மாதம் தொடர் கவனிப்பு. இன்னொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. வருட முடிவில் மனச்சோர்வு பாதியாவது குறைந்தவர்கள் 37 சதவீதம்; மற்ற குழுவில் 16.5. மனச்சோர்வு, வலி இரண்டும் சேர்ந்து தேறியவர்கள் 26 சதவீதம், மற்றதில் 8. மருந்தும் பயிற்சியும் விடாத கவனிப்பும் சேர்ந்து வந்த பலன் இது. நம் ஊரில் நடப்பதோ, மாத்திரை எழுதித் தந்து ‘ஒரு மாதம் கழித்து வாங்க’ என்பதோடு முடிகிறது.

மனச்சோர்வை அளக்க டாக்டர்கள் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலைப் பயன்படுத்துவார்கள். 27-க்கு 10-ம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். தூக்கமின்மை, அசதி வலியாலும் வருபவை என்பதால் மதிப்பெண் ஊதித் தெரியலாம். அதனால் முதல் இரண்டு கேள்விகளைக் கூர்ந்து பாருங்கள்: எதிலும் நாட்டமில்லையா, மனம் தாழ்ந்திருக்கிறதா? ஒன்பதாவது, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஆம்’ என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் வருவதில்லை.

நரம்பு வலிக்குப் புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். வெற்று மாத்திரை கிடைத்தால் ஏமாந்துபோவேனே?
- வாசகர், கோவை

வெற்று மாத்திரைக் குழு இல்லாவிட்டால் மருந்தை எடைபோடவே முடியாது. சுசெட்ரிஜின் என்ற புது மருந்தைப் பாருங்கள். இடுப்பு நரம்பு வேர் வலிக்கு 12 வாரம் கொடுத்ததில் பத்துக்கு 2.02 புள்ளி குறைந்தது. வெற்று மாத்திரையில் 1.98. ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் இதை வெற்றி என்று அறிவித்திருப்பார்கள். டிஸ்க் வலி பலருக்குத் தானாகவே தணிவதும், நல்ல கவனிப்பு கிடைப்பதும் இந்தக் குறைவுக்குக் காரணங்கள்.

சேருமுன் அந்த ஆய்வு சி.டி.ஆர்.ஐ. எனும் இந்தியப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். நோயாளி சேர்ப்பு தொடங்குமுன்பே பதிந்திருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். வலி கூடினால் என்ன மாத்திரை தருவார்கள், இப்போது சாப்பிடும் மனச்சோர்வு மருந்தைத் தொடரலாமா என்று எழுத்தில் கேளுங்கள். தொடரக் கூடாது என்றால், நீங்களாக நிறுத்தாமல் உங்கள் மனநல மருத்துவரிடம் முதலில் பேசுங்கள். ஆய்வால் உடல்நலம் கெட்டால் இலவசச் சிகிச்சை தர, மருந்து ஆய்வுகளுக்கான 2019 இந்திய விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சைக்குக் குறை வரக் கூடாது.