லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இசை: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

சென்னையில் பத்து வருடம் கர்னாடக வயலின் கற்றுக்கொண்டு, பிறகு அமெரிக்காவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (பல துறைப் பாடங்களையும் கலந்து படிக்கும் இளநிலைக் கல்லூரி) பொருளாதாரமும் இசையும் சேர்த்துப் படித்தவள் நான். இந்த வாரம் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றை எடுத்துக்கொண்டேன்.

மகள் இசைதான் படிப்பேன் என்கிறாள். அதற்கென்றே இருக்கும் கல்லூரிக்கு அனுப்பாமல் லிபரல் ஆர்ட்ஸ் எதற்கு? (கோவையிலிருந்து ஒரு அப்பா)

கன்சர்வேட்டரியில், அதாவது இசைக்கென்றே இருக்கும் கல்லூரியில், சேர்ந்தால் படிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இசைதான். லிபரல் ஆர்ட்ஸில் பி.ஏ. இசை எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட இருக்கும், மீதி நேரத்தில் உயிரியலோ வரலாறோ படிக்கலாம். எது மேஜர் (முதன்மைப் பாடம்) என்பதைப் பொதுவாக இரண்டாம் வருட முடிவுக்குள் சொன்னால் போதும். இரண்டும் வேண்டும் என்றால் ஓஹையோவில் ஓபர்லின் இருக்கிறது: கல்லூரியும் கன்சர்வேட்டரியும் ஒரே வளாகத்தில், ஐந்து வருடத்தில் இரண்டு பட்டம். நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரி கன்சர்வேட்டரியில் இளநிலை மாணவர்கள் இசையோடு இன்னொரு பட்டமும் படிக்க வேண்டும் என்பதே விதி.

உங்கள் மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள் சார். மற்ற பாடங்களை விட்டுவிடச் சொன்னால் அவளுக்கு நிம்மதியா, வருத்தமா? வருத்தம் என்றால் லிபரல் ஆர்ட்ஸ்தான் அவளுக்கு இடம்.

அக்கா, எனக்குக் கர்னாடக வயலின் மட்டும்தான் தெரியும். அங்கே கல்லூரியின் மேற்கத்திய இசை ஆர்கெஸ்ட்ராவில் சேர்த்துப்பாங்களா?

சேர்த்துப்பாங்க, ஆனா இப்பவே தயாராகணும்மா. செப்டம்பரில் வகுப்பு தொடங்கியதும் ஆடிஷன் வரும். தயாரித்து வைத்த ஒரு இசைப் பகுதி, ஸ்கேல்கள் (நம் ஆரோகணம் அவரோகணம் மாதிரி), பிறகு சைட் ரீடிங் (முன்பு பார்க்காத இசைக் குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பது). என் ஆடிஷனில் பேராசிரியர் ஒரு தாளை ஸ்டாண்டில் வைத்து, அரை நிமிஷம் பார்க்க விட்டு, வாசிக்கச் சொன்னார். நாலு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மேல் எனக்கு நகரவில்லை. காதால் கேட்டு எதையும் எடுத்துவிடுவேன், ஆனால் மேற்கத்திய இசையை எழுதும் அந்த ஐந்து கோடுகளைப் பார்த்து வாசிக்கப் பழகியிருக்கவில்லை. அந்த செமஸ்டர் இடம் கிடைக்கவில்லை. நாலு மாதம் தினமும் ஒரு பக்கம் படித்துப் பழகி, ஜனவரியில் செகண்ட் வயலின் (வயலின்களின் இரண்டாம் அணி) கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

வயலினை நாற்காலியில் உட்கார்ந்தோ நின்றுகொண்டோ தோளுக்கும் தாடைக்கும் நடுவில் பிடிக்கப் பழக வேண்டும். சுருதியும் வேறு: நாம் ச-ப-ச-ப கூட்டுகிறோம், அங்கே ஒவ்வொரு தந்தியும் முந்தையதற்குப் பஞ்சமம். ஒரே வயலினில் தினமும் மாற்றிக்கொண்டிருந்தால் சுருதி நிற்காது, தந்தியும் அறும். இரண்டு வயலின் வைத்துக்கொள். கமகத்துக்காக விரலில் தொட்டுக்கொள்கிற எண்ணெயைத் துடைத்துவிட்டு மேற்கத்திய வயலினைத் தொடு.

நமக்குக் கைகொடுப்பது தாளம். ஒருநாள் 7/8 தாளத்தில் ஒரு பகுதி வந்தது. வரிசை முழுக்கத் தடுமாறியபோது எனக்கு அது நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு, தகிட தகதிமி. இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரி கையில் அதைத் தட்டிக் காட்டினேன், அடுத்த முறை அவளும் தப்பவில்லை.

வாத்தியப் பாடத்துக்குத் தனிக் கட்டணமா?

பல கல்லூரிகளில் ஆமாம். மேஜராக அறிவித்தவர்களுக்குத் தள்ளுபடி செய்கிற இடங்களும் உண்டு. சேருமுன் இசைத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

கர்னாடக சங்கீதத்தையே அங்கே படிக்க முடியுமா மேடம்? (மிருதங்கம் வாசிக்கிறேன், திருச்சி)

முடியும், கனெக்டிகட் மாநிலம் மிடில்டவுனில் இருக்கும் வெஸ்லியனில். பெயரில் பல்கலைக்கழகம் இருந்தாலும் இளநிலைப் படிப்பு லிபரல் ஆர்ட்ஸ் முறைதான். 1960களில் ராபர்ட் இ. பிரவுன் அங்கே உலக இசைப் படிப்பைத் தொடங்கினார். அவரே மிருதங்கம் கற்றவர், அவருடைய குரு டி. ரங்கநாதன். ரங்கநாதனின் அக்கா பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதன், மூவரும் வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள். மூவரும் அங்கே கற்பித்தார்கள். விஸ்வநாதன் அங்கேயே முனைவர் பட்டமும் வாங்கி, 2002இல் காலமாகும் வரை பாடம் சொன்னார். நாம் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கொண்டாடும் அமெரிக்கக் கர்னாடகப் பாடகர் ஜான் ஹிக்கின்ஸ் அந்தக் கல்லூரியின் மாணவர்தான். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அங்கே நவராத்திரி விழா நடக்கும்.

வேறு கல்லூரிக்குப் போனாலும் மிருதங்கத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் காற்று அறையையே வறளவைக்கும். தோல் வாத்தியத்தை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பையன் இசை படித்தால் வேலை? (ஒரு அம்மா, மதுரை)

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவில் 12 மாதம் வேலை பார்க்கலாம். பாடம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். இசை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு இரண்டாவது மேஜர் பெரிய ஆதரவு. எனக்கு வேலை தந்தது பொருளாதாரம். ஆனால் வாரத்தில் மூன்று மாலை இன்றும் நான் வாசிக்கிறேன் என்றால் அது கல்லூரி கொடுத்தது. பையனை இசையை விடச் சொல்லாதீர்கள், கூட ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசி வருட ரிசைட்டலுக்கு (தனிக் கச்சேரிக்கு) எப்படித் தயாராவது?

ஒரு மணி நேரம் மேடை முழுக்க உங்களுடையது. நான் முதல் பாதியை நின்று வாசித்தேன், மேற்கத்திய இசையமைப்பாளர் பாக்கின் இசை. இடைவேளையில் ஜமக்காளம் விரித்து, வயலினை மாற்றி, உட்கார்ந்து கல்யாணி ராகம். வேதியியல் வகுப்புத் தோழி ஒருத்தி முன்வரிசையில் தப்பும் தவறுமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். என் அம்மா போனில் கேட்டுக்கொண்டிருந்தார், சென்னையில் அப்போது விடிகாலை.

ஹாலை மூன்றாம் வருட வசந்தத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். ஏப்ரல் சனிக்கிழமைகள்தான் முதலில் போகும்.