சூடானதும் குறையும் சத்தம்: இன்ஜினைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் மேல்பக்கத்தில் 'டிக் டிக்' சத்தம், ஐந்து நிமிடத்தில் குறைந்துவிடுகிறது, மெக்கானிக் கிராங்க் பேரிங் (பிஸ்டனால் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்) போய்விட்டது என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்னும் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். கிராங்க் பேரிங் தேய்ந்திருந்தால் பொதுவாக ஆயில் சூடாகி இளகியபின் சத்தம் கூடும். மேடேறும்போது கனத்த 'டொக் டொக்' என்று கேட்கும். உங்களுடையது நேர்மாறாக இருக்கிறது.

ஆயில் அளவை முதலில் பாருங்கள்.

அடுத்து, பலர் கவனிக்காத இடம்: சைலன்சர் பைப் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இணைப்பு. அங்கே கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) கசிந்தால் டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தம் போலவே கேட்கும். உலோகம் சூடாகி விரிந்ததும் கசிவு அடைபட்டு அடங்கிவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வந்தாலோ, சுற்றிலும் கரி படிந்திருந்தாலோ கேஸ்கெட்டை மாற்றினால் போதும்.

அங்கே கசிவு இல்லையென்றால் டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்தபின், பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் (வால்வுகள் மூடியிருக்கும் நிலை) இருக்கும்போது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். சத்தம் ஒழியட்டும் என்று அளவுக்கு மீறி இறுக்கிவிடாதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் கருகிப்போகும். லேசான சத்தத்தால் கெடுதல் இல்லை.

வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பிஸ்டன் தேய்மானமும் அதற்குப் பிறகுதான். புகை நீலமாக வருகிறதா, ஆயில் குறைகிறதா என்று எழுதுங்கள். பிஸ்டனைப் பற்றி அதை வைத்துச் சொல்கிறேன்.